பிக்கின் விலை ரவுண்டில் இல்லை, சம்பளத்தில் இருக்கிறது

கேள்வி: அமெரிக்க ஃபுட்பாலில் டிராஃப்ட் பிக் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் ரவுண்டு ரவுண்டாக, வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் உரிமை) என்பது லாட்டரிச் சீட்டு மாதிரிதானே? கையில் நிரூபித்துக் காட்டிய ரிசீவர் (எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவர்) கிடைக்கும்போது முதல் ரவுண்டு பிக்கைக் கொடுக்க அணிகள் ஏன் இத்தனை தயங்குகின்றன? 2007-இல் ராண்டி மாஸை வாங்கி நியூ இங்கிலாந்து ஆடிய ஆட்டத்தை மறந்துவிட்டார்களா?

பதில்: மறக்கவில்லை. ஆனால் மாஸ் உதாரணம் உங்கள் வாதத்துக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது. அவருக்காக நியூ இங்கிலாந்து கொடுத்தது நான்காம் ரவுண்டில் 110-ஆவது பிக். அப்போது மாஸுக்கு வயது 30, ஓக்லாந்தில் மங்கிப்போயிருந்தார். வருவதற்காகத் தன் ஒப்பந்தத்தை ஒரே ஆண்டாகச் சுருக்கிக்கொண்டார், சம்பளத்தையும் குறைத்துக்கொண்டார். அவர் சோபிக்காமல் போயிருந்தால் அணிக்கு நஷ்டம் ஒரு 110-ஆவது பிக், ஒரு வருடச் சம்பளம், அவ்வளவுதான். அவர் 23 டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்க்கும் ஸ்கோர்) பிடித்தார், அணி லீக் ஆட்டங்களை 16-0 என்று, அதாவது 16 வெற்றி, தோல்வியே இல்லை என்று முடித்தது. இது மலிவாக வாங்கியதன் வெற்றி. முதல் ரவுண்டைத் தூக்கிக் கொடு என்று இதை வைத்து வாதாட முடியாது.

லாட்டரி என்ற சொல்லில்தான் கணக்கு தப்புகிறது. பிக் வாங்கித் தருவது ஓர் ஆளை மட்டும் அல்ல, அந்த ஆளின் நான்கு மலிவான ஆண்டுகளை. புது ஆட்டக்காரரின் சம்பளம் எத்தனையாவது பிக் என்பதை வைத்தே ஏறக்குறைய நிர்ணயமாகிவிடும். முதல் ரவுண்டுக்காரருக்கு ஐந்தாவது ஆண்டையும் அணி தன் விருப்பப்படி நீட்டிக்கலாம். எல்லா அணிகளுக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு இருக்கிற லீகில் (2025-இல் 27.92 கோடி டாலர்) மலிவான நல்ல ஆட்டக்காரன்தான் மற்ற இடங்களுக்குப் பணம் மிச்சப்படுத்தித் தருபவன். அனுபவ ரிசீவரை வாங்கும் அணி பிக்கையும் இழக்கிறது, சந்தைச் சம்பளத்தையும் கொடுக்கிறது. விலை இரண்டு முறை போகிறது.

2020 மார்ச்சில் மினசோட்டா தன் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸை பஃபலோவுக்குக் கொடுத்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பஃபலோ கொடுத்தவற்றில் முதன்மையானது முதல் ரவுண்டின் 22-ஆவது பிக். அதில் மினசோட்டா எடுத்தது ஜஸ்டின் ஜெஃபர்சனை. நான்கு ஆண்டுக்கும் சேர்த்து அவர் ஒப்பந்தம் சுமார் 1.31 கோடி டாலர். முதல் மூன்று சீசனில் 4,825 யார்டு பிடித்தார்.

அதற்காக பஃபலோ ஏமாந்தது என்று சொல்ல மாட்டேன். டிக்ஸுக்கு அப்போது 26 வயது, பழைய விலையில் போட்ட ஒப்பந்தத்தில் நான்கு ஆண்டு பாக்கி. வந்த முதல் சீசனிலேயே 127 கேட்ச், 1,535 யார்டு, இரண்டிலும் லீகில் முதலிடம். குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) ஜாஷ் ஆலனின் பாஸ் துல்லியம் 58.8 சதவீதத்திலிருந்து 69.2-க்கு ஏறியது. பஃபலோ இடறியது பிறகுதான். 2022-இல், டிக்ஸுக்கு 28 வயதில், 9.6 கோடி டாலருக்கு நான்கு ஆண்டு நீட்டிப்பு கொடுத்தது. இரண்டே ஆண்டில் ஹூஸ்டனுக்கு அனுப்பியபோது, முன்பே கொடுத்து ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதியிருந்த போனஸில் மிச்சமெல்லாம் ஒரே வருடக் கணக்கில் வந்து விழுந்தது. ஆடாத ஆளுக்காக 3.1 கோடி டாலர்! இரண்டாம் ரவுண்டு பிக் கொடுத்த ஹூஸ்டனும் சுகப்படவில்லை, எட்டே ஆட்டத்தில் அவருக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது.

எனவே வயதும் ஒப்பந்தமும்தான் முதல் கேள்வி. பிக் எத்தனையாவது ரவுண்டு என்பது அதற்குப் பிறகு. 2022-இல் ஏ.ஜே. பிரவுனுக்காக பிலடெல்பியா 18-ஆவது, 101-ஆவது பிக்குகளைக் கொடுத்தது சரியான பேரம், ஏனெனில் அவருக்கு வயது 24. பெரிய ஒப்பந்தத்தின் எல்லா ஆண்டுகளும் அவருடைய நல்ல வயதிலேயே அடங்கும். அந்த 18-ஆவது பிக்கில் டென்னஸி எடுத்த டிரெய்லன் பர்க்ஸ் முதல் மூன்று சீசனில் ஒன்றில்கூட 500 யார்டை எட்டவில்லை. பிக் பொய்த்துப் போவதும் உண்டு, அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

சீசன் நடுவே வாங்குவது வேறு சங்கதி. ரிசீவருக்குக் கால் வேகம் மட்டும் போதாது. எதிரணியின் பின்காவலர் ஆழத்தில் நிற்கிறாரா, ஏறி வருகிறாரா என்று பார்த்து, ஓடும்போதே பாதையை உள்ளே வெட்டுவதா வெளியே வெட்டுவதா என்று முடிவெடுக்க வேண்டும். அவர் திரும்புவதற்கு முன்பே குவார்ட்டர்பேக் பந்தை விட்டுவிடுவார். இருவரும் ஒரே மாதிரிப் படிக்கவில்லை என்றால் பந்து நேராக எதிரி கையில். இந்தப் பழக்கம் ஒரு வாரத்தில் வராது. 2018 அக்டோபர் 22 அன்று அமாரி கூப்பரை டாலஸ் முதல் ரவுண்டு பிக் கொடுத்து வாங்கியபோது அடுத்த வாரம் அணிக்கு ஓய்வு. அவரைத் தயார் செய்ய இரண்டு வாரம் கிடைத்தது. 3-4 என்றிருந்த அணி 10-6 என்று முடித்துப் பிரிவை வென்றது. கூப்பருக்கு வயது 24 என்பதையும் கவனியுங்கள். 2024 அக்டோபரில் நியூயார்க் ஜெட்ஸ் டவான்டே ஆடம்ஸுக்காக மூன்றாம் ரவுண்டு பிக் கொடுத்தபோது அணி 2-4, அவருக்கு 32 நெருங்கிக்கொண்டிருந்தது. ஆடம்ஸ் 11 ஆட்டத்தில் 854 யார்டு பிடித்து நன்றாகத்தான் ஆடினார். அணி 5-12. மார்ச்சில் அவரை விடுவித்தார்கள். ஒரு ரிசீவர் குறைவாக இருந்ததால் தோற்ற அணி அல்ல அது.

இன்னொரு கண்ணி, உங்கள் பிக் எங்கே விழும் என்பது. மோசமாக முடித்த அணிக்குத்தான் ரவுண்டில் முன்வரிசை. இரண்டாம் ரவுண்டு என்றால் 33-ஆகவும் இருக்கலாம், 64-ஆகவும் இருக்கலாம். பிக்குகளின் மதிப்பை ஒப்பிட அணிகள் வெகுகாலமாகப் பயன்படுத்திய ஜிம்மி ஜான்சன் அட்டவணையில் முன்னதற்கு 580 புள்ளி, பின்னதற்கு 270. 2022 நவம்பரில் ரிசீவர் சேஸ் கிளேபூலுக்காகத் தன் இரண்டாம் ரவுண்டு பிக்கைக் கொடுத்த சிகாகோ 3-14 என்று கடைசியில் நின்றது. மியாமி தன் முதல் ரவுண்டு பிக்கைத் தண்டனையாக இழந்திருந்ததால், போன பிக் 32-ஆவதாகிவிட்டது. கிளேபூல் அந்த சீசனில் சிகாகோவுக்குப் பிடித்தது 14 பந்து, 140 யார்டு.

30 தாண்டிய ரிசீவரைத்தான் வேண்டும் என்றால் நான் கேட்கும் நிபந்தனைகள் இவை. கொடுப்பது நான்காம் ரவுண்டு பிக்கைவிட உயர்ந்ததாக இருக்கக்கூடாது. இத்தனை ஆட்டம் ஆடினால், பிளேஆஃபுக்குப் போனால் ஒரு ரவுண்டு ஏறும் என்று எழுதிக்கொள்ளலாம். பேரத்துக்கு முன்பே பழைய அணி சம்பளத்தில் ஒரு பகுதியை போனஸாக மாற்றித் தன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். 2021-இல் வான் மில்லரை (ரிசீவர் அல்ல, தற்காப்பு ஆட்டக்காரர்) விற்ற டென்வர் அப்படிப் பெரும்பங்கைத் தானே கட்டி, இரண்டாம், மூன்றாம் ரவுண்டு பிக்குகளை வாங்கியது. அடுத்த ஆண்டுச் சம்பளத்தில் உத்தரவாதம் ஒரு டாலர்கூட இருக்கக்கூடாது. தொடைத்தசை, முழங்கால் ஸ்கேனை வாங்கும் அணியின் மருத்துவரே பார்த்து ஒப்ப வேண்டும். பரிசோதனையில் தேறாவிட்டால் பேரம் ரத்து என்ற விதி இருக்கிறது, தயங்காமல் அதைப் பயன்படுத்தலாம். உங்கள் அணி ஒன்பதாவது வாரம் முடிந்து 3-5 என்று நின்றால் போனை எடுக்கவே வேண்டாம்.