பூங்காவைப் புதுப்பிக்கப் போகிறார்கள்: மக்கள் கருத்தை எப்படித் திரட்டுவது?

கேள்வி: தாம்பரம் மாநகராட்சிப் பகுதியில் குடியிருக்கிறோம். எங்கள் நகரில் அரை ஏக்கர் அளவில் ஒரு பழைய பூங்கா இருக்கிறது. அதைப் புதுப்பிக்கப் போகிறார்கள், மக்களின் கருத்தைச் சங்கம் எழுதிக் கொடுக்கலாம் என்று கவுன்சிலர் சொல்லியிருக்கிறார். கூட்டம் போட்டால் ஒருவர் திறந்தவெளி ஜிம் கேட்கிறார், ஒருவர் நீரூற்று கேட்கிறார், இன்னொருவர் ஒரு மூலையில் பிள்ளையார் கோயில் கட்டலாம் என்கிறார். குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளராக நான் இதை எப்படி ஒழுங்குபடுத்துவது?

பதில்: கூட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, செலவு மதிப்பீடு (எஸ்டிமேட்) போட்டாயிற்றா என்பதைத்தான். பூங்கா வேலை என்பது கருத்துரு, மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், டெண்டர், பணி ஆணை என்று படிப்படியாக நகரும். மதிப்பீட்டில் ஏறாத எதற்கும் பிறகு பணம் கிடையாது. பொறியாளரே மனது வைத்தாலும் செய்ய முடியாது. உங்கள் பகுதி உதவிப் பொறியாளரை நேரில் பார்த்துக் கேளுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மதிப்பீட்டு நகலைக் கேட்கலாம். ஆனால் அதற்கு 30 நாள் அவகாசம் உண்டு என்பதால் நேரில் போவதே மேல்.

கோயில் விஷயத்தை இப்போதே, யார் மனமும் நோகாமல், முடித்துவிடுங்கள். மனைப்பிரிவு போட்டபோது பொதுப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைத்த இடங்களாகத்தான் நகர்ப் பூங்காக்கள் பெரும்பாலும் இருக்கும். இவற்றைக் காக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவமனைக்கே இடமில்லை என்னும்போது மற்றதைப் பேச வேண்டியதில்லை. கையோடு தானப் பத்திர நகலையும் புல வரைபடத்தையும் வாங்கி, பழைய சுற்றுச்சுவர் சரியான எல்லையில்தான் நிற்கிறதா என்று அளந்து பார்த்துவிடுங்கள். புதுச் சுவர் எழும்பிய பிறகு அளப்பதில் பயனில்லை.

இனி கருத்துத் திரட்டுவது. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் பொருள்களின் பட்டியல்தான் வரும். அதுவும் கூட்டத்துக்கு வருகிறவர்களின் பட்டியல். ஞாயிறு காலைக் கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்: ஓய்வுபெற்றவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள், பெரும்பாலும் ஆண்கள். வாடகைக்கு இருப்பவர்களும், வீட்டு வேலைக்கு வரும் பெண்களும், மாலையில் பந்தடிக்கும் பையன்களும் அங்கே இருக்க மாட்டார்கள். பூங்காவை அதிகம் பயன்படுத்துவது அவர்களாகவே இருக்கலாம்.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். எப்போது வருகிறீர்கள், வந்து என்ன செய்கிறீர்கள், வராவிட்டால் ஏன்? அதற்கு முன், ஒரு வேலைநாளிலும் ஒரு விடுமுறை நாளிலும் காலை ஆறு, மதியம் ஒன்று, மாலை ஐந்து, இரவு எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்து, யார் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று எண்ணிக் குறியுங்கள். குறிப்பாகப் பத்து வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பாருங்கள். ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் 1990-களில் இப்படிப் பார்த்தபோதுதான், அந்த வயதைத் தாண்டியதும் சிறுமிகள் பூங்காவைவிட்டே மறைந்துவிடுவது தெரிந்தது. இருந்த ஒரே திடலைப் பையன்கள் பிடித்துக்கொண்டதுதான் காரணம். திடலைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, கைப்பந்து, இறகுப்பந்துக்கு இடம் விட்டு, நுழைவுகளை அதிகமாக்கியதும் அவர்கள் திரும்பி வந்தார்கள். எந்தக் கூட்டத்திலும் யாரும் எழுந்து சொல்லியிருக்கக்கூடிய விஷயமல்ல இது.

அடுத்து, ஒரு சார்ட்டில் பூங்காவின் வரைபடத்தைப் பெரிதாக வரையுங்கள். மரம், பெஞ்சு, விளக்குக் கம்பம், குழாய் எல்லாம் அதில் இருக்கட்டும். ரேஷன் கடை வாசலிலும் இஸ்திரி வண்டி அருகிலும் ஒரு வாரம் மாட்டி, பக்கத்தில் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளை வையுங்கள். பிடித்த இடத்தில் பச்சைப் பொட்டு, பயமோ சங்கடமோ தரும் இடத்தில் சிவப்புப் பொட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒட்டலாம். சிவப்பு எங்கே குவிகிறதோ அங்கே விளக்கு இருக்காது, அல்லது வெளியே இருந்து பார்வை படாமல் புதர் மறைத்திருக்கும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு நீரூற்றோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

ஆசைகளை மட்டுப்படுத்த இடக் கணக்கு உதவும். அரை ஏக்கர் என்பது சுமார் 2,000 சதுர மீட்டர், நம் கணக்கில் 9 கிரவுண்ட். சுற்றி வரும் நடைபாதை ஏறக்குறைய 170 மீட்டர் வரும். இரண்டு பேர் சேர்ந்து நடக்கவும் சக்கர நாற்காலி போகவும் 2 மீட்டர் அகலம் வைத்தால் பூங்காவில் ஆறில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். மிச்ச இடத்தில் எதை வைப்பது, எதை விடுவது என்று வரைபடத்தில் அட்டைத் துண்டுகளை வைத்து மக்களே பார்க்கட்டும். சண்டை பாதி அடங்கிவிடும். பந்தடிப்பவர்களுக்கும் பெரியவர்களுக்கும் உள்ள பிணக்கை இடத்தைப் பிரித்துத் தீர்ப்பதைவிட நேரத்தைப் பிரித்துத் தீர்ப்பது சிறிய பூங்காவில் எளிது.

ஒரு விஷயத்தில் மட்டும் பெரும்பான்மைக் கருத்துக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள் என்பேன்: மண். சேறு இல்லாமல் இருக்கட்டும் என்று எல்லோரும் பேவர் பிளாக் கேட்பார்கள். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் உங்கள் பூங்காவில் மட்டும் 2 லட்சம் லிட்டர் தண்ணீர் விழும். அது உள்ளே இறங்க வேண்டுமா, தெருவுக்கு ஓட வேண்டுமா? மரத்தின் அடியைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் கூடாது என்று 2013-ல் டெல்லி விஷயத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அதை மேற்கோள் காட்டுங்கள். இருக்கும் மரம் ஒவ்வொன்றையும் எண்ணிட்டுப் படமெடுத்து மனுவோடு இணையுங்கள். புதிதாக நடுவதற்குப் புங்கை, பூவரசு, மகிழம் கேளுங்கள். 2016 வர்தா புயலில் குல்மொஹர்கள் விழுந்து கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதி, எண்ணிக்கைத் தாளையும் பொட்டு வரைபடத்தின் படத்தையும் சேர்த்து, வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். கவுன்சிலர்தான் அதற்குத் தலைவர் என்பதால் அவருக்கும் அது பலம். தீர்மானத்தில் மூன்று வரி கட்டாயம் இருக்கட்டும்: மதியத்தில் பூங்கா பூட்டப்படாது; தண்ணீர் ஊற்றவும் கூட்டவும் ஆள் யார், அவர் சம்பளம் எந்தக் கணக்கில்; வேலை முடிந்தபின் ஒப்பந்ததாரர் குறைகளைச் சரிசெய்து தரவேண்டிய காலம் எவ்வளவு. அந்தக் காலம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஊஞ்சல் சங்கிலி, விளக்கு, குழாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பழுதுகளை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.