பழைய தீயணைப்பு நுரைத் திரவத்தைத் தண்ணீர் கலந்து கானில் விடலாமா?

கேள்வி: திருகோணமலையில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். திகதி முடிந்த தீயணைப்பு நுரைத் திரவம் நீலப் பரல்களிலும் சில கலன்களிலும் கிடக்கிறது. "சவர்க்காரத் தண்ணி மாதிரித்தான், நல்லாத் தண்ணி கலந்து கானில் விடுங்கோ" என்கிறார் மேற்பார்வையாளர். விடலாமா? இதற்குச் சட்டம் ஏதும் உண்டா?

பதில்:

விடாதீர்கள். தண்ணீர் கலந்தும் விடாதீர்கள். மூடியை இறுக்கி, நிழலில், சீமெந்துத் தரையில், கசிந்தால் ஏந்துகிற மாதிரி அடியில் ஒரு தட்டு வைத்து, "பழைய நுரைத் திரவம், திறக்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். மூடிய பரலுக்குள் அது யாருக்கும் கெடுதல் செய்யாது. அதனால் அவசரப்படத் தேவையில்லை. மிச்சத்தை ஆறுதலாகச் சொல்கிறேன். துறைமுகப் பக்கம் எரிபொருள், இரசாயனக் களஞ்சியங்களில் தீப் பாதுகாப்பு வேலை பார்ப்பவன் நான். இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும்.

உங்கள் மேற்பார்வையாளர் சொல்வதில் பாதி சரி. திரவத்தில் பெரும்பங்கு தண்ணீர், கொஞ்சம் கிளைக்கோல் வகைக் கரைப்பான், சவர்க்காரத்தில் இருப்பது போன்ற நுரையூட்டிகள். மீதி இருக்கும் சிறு பங்குதான் சிக்கல். அது புளோரின் சேர்ந்த நுரையூட்டி. பெற்றோலுக்கு மேல் மெல்லிய நீர்ப்படலமாகப் பரவி ஆவியை அடக்குவது அதன் கெட்டித்தனம். 1960களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடமும் 3எம் நிறுவனமும் சேர்ந்து இதை உருவாக்கின. 1967 இல் ஃபொரெஸ்டல் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் தீப்பிடித்து 134 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கப்பல், விமான நிலையம், எண்ணெய்க் குதம் என்று உலகம் முழுக்கப் பரவிவிட்டது. தீயை அணைப்பதில் அதற்கு நிகரில்லை என்பதை மறுக்க மாட்டேன்.

ஆனால் காபனும் புளோரினும் பிடித்த பிடியை வெயிலும் கிருமியும் உடைக்காது. கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், இது அடியில் தங்கும். உடம்புக்குள் போனால், இந்தப் புளோரின் பொருள்களில் பி.எஃப்.ஓ.எஸ். என்கிற வகை பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து ஆண்டு எடுக்கும். அதன் உறவுக்காரனான பி.எஃப்.ஓ.ஏ. மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2023 இறுதியில் வகைப்படுத்தியது. கையில் பட்டுவிட்டதே என்று பயப்பட வேண்டாம், தோலால் மிகக் கொஞ்சமே உள்ளே போகும். கழுவினால் சரி. குடிதண்ணீர் வழியாக வருடக்கணக்கில் போவதுதான் ஆபத்து.

"தண்ணீர் கலந்து" என்ற யோசனைக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். பழைய பி.எஃப்.ஓ.எஸ். வகைத் திரவத்தில் லீற்றருக்குப் பத்துக் கிராம் அளவில் அந்தப் பொருள் இருக்கலாம். குடிநீரில் அமெரிக்கா 2024 இல் வைத்த எல்லை லீற்றருக்கு 4 நானோகிராம் (ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம்). அந்த ஒரு லீற்றரை அந்த எல்லைக்குள் கொண்டுவர 250 கோடி லீற்றர் தண்ணீர் வேண்டும். கானுக்குள் அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது?

சரி, உங்களிடம் இருப்பது எந்த வகை? பரலைச் சுற்றிப் பாருங்கள். ஏ.எஃப்.எஃப்.எஃப். (AFFF, நீர்ப்படலம் போடும் நுரை) என்றோ, எஃப்.எஃப்.எஃப்.பி. (FFFP, படலம் போடும் புளோரின்-புரத நுரை) என்றோ, 3% அல்லது 6% (தண்ணீரில் கலக்க வேண்டிய விகிதம்) என்றோ எழுத்து இருக்கும். முதல் இரண்டில் ஒன்று இருந்தால் புளோரின் உண்டு என்றே எடுங்கள். திறந்தால் தேன் நிறத்தில் கொஞ்சம் கொழகொழப்பாக இருக்கும். ஆனால் நிறம், மணம், குலுக்கினால் எவ்வளவு நுரைக்கிறது என்பதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. உற்பத்தி ஆண்டுதான் நல்ல துப்பு. 3எம் 2000 இல் அறிவித்துவிட்டு 2002 அளவில் பி.எஃப்.ஓ.எஸ். செய்வதை நிறுத்தியது. அதற்குப் பிறகும் வேறு நாடுகளில் செய்தார்கள். 2015க்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் ஆறு காபன் குறுஞ்சங்கிலி வகை. விற்பவர்கள் அதை "பாதுகாப்பானது" என்பார்கள். உடம்பில் குறைவாகத் தங்கும், உண்மை. ஆனால் தண்ணீரோடு இன்னும் வேகமாக ஓடும், கரி வடிகட்டியிலும் சரியாகப் பிடிபடாது. பாதுகாப்பு விபரத்தாளில் "உரிமையுடைய கலவை" என்று எழுதி மறைத்திருந்தால், மொத்தப் புளோரின் சோதனை அறிக்கையை விற்றவரிடமே கேளுங்கள்.

இனிச் சட்டம். எளிதில் அழியாத நச்சு இரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையான ஸ்டொக்ஹோம் சமவாயத்தில் இலங்கை 2005 முதல் உறுப்பு நாடு. அதில் பி.எஃப்.ஓ.எஸ். 2009 இலும், பி.எஃப்.ஓ.ஏ. 2019 இலும், அதே குடும்பத்துப் பி.எஃப்.எச்.எக்ஸ்.எஸ். 2022 இலும் சேர்ந்தன. 2019 இல் தீயணைப்பு நுரைக்கு ஒரு தற்காலிக விலக்குக் கொடுத்தார்கள். அதனுடைய நிபந்தனைகளைப் படித்தால் உங்கள் கேள்விக்குப் பதில் அதிலேயே கிடைக்கும். ஏற்கெனவே பொருத்தியிருந்த நுரையை எரிபொருள் தீக்கு மட்டும் பாவிக்கலாம் என்றது அந்த விலக்கு. பயிற்சிக்குப் பாவிக்கக் கூடாது என்றது. சோதித்துப் பார்ப்பதென்றால் வெளிவரும் ஒவ்வொரு துளியையும் ஏந்த வேண்டியிருந்தது. பிறகு, முழுதாக ஏந்தக்கூடிய இடங்களில் மட்டும்தான் பாவிக்கலாம் என்று இறுக்கினார்கள். அதாவது எரிகிற தீயிலேயே கட்டுப்பாட்டோடு பாவிக்க வேண்டிய சாமானை, தீயே இல்லாமல் கானில் ஊற்றுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

உள்ளூரில் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 2008 பெப்ரவரி வர்த்தமானி அட்டவணைப்படுத்திய (அதாவது அபாயகரமானவை என்று பட்டியலிட்ட) கழிவுகளுக்கு உரிமம் கேட்கிறது. உண்டாக்குபவர், ஏற்றிச் செல்பவர், களஞ்சியப்படுத்துபவர், அழிப்பவர் எல்லோருக்கும் அது பொருந்தும். கையாள்வது மத்திய சுற்றாடல் அதிகாரசபை. கடலுக்குப் போனால் 2008 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கக் கடல் மாசுறல் தடுப்புச் சட்டமும் வந்து நிற்கும். நம் ஊரில் எந்தக் கான் கடலுக்குப் போகாமல் இருக்கிறது?

காகிதத்தில் இவ்வளவு இருந்தும் நுரை கானுக்குள் போகக் காரணம், அதை யாரும் கழிவாகவே பார்ப்பதில்லை. என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன்: பெருந்தீயில் போவதைவிட ஒத்திகையிலும் மறுநிரப்பலிலும் போவதுதான் அதிகம். வருடத்துக்கு ஒரு ஒத்திகை வைப்பார்கள். தகரத் தட்டில் பெற்றோல் ஊற்றிக் கொளுத்தி, ஆளுக்கொரு முறை நுரை அடித்து, படமும் எடுத்து முடிந்ததும் ஹோஸ் பைப்பால் எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அந்த நுரை வெளிமதில் தாண்டி ஒழுங்கைவரை போனது. பிள்ளைகள் அள்ளி முகத்தில் அப்பிக்கொண்டு நின்றார்கள். நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன், "சவர்க்காரம்தானே தம்பி" என்று பதில் வந்தது. அதே கதைதான் பெற்றோல் நிலையங்களில் தொங்கும் ஒன்பது லீற்றர் நுரை அணைப்பான்களுக்கும். மறுநிரப்பக் கொண்டுபோனால் பழையதைக் கடை வாசலில் கவிழ்த்துவிட்டுப் புதியதை ஊற்றித் தருவார்கள். ஒத்திகைக்குப் புளோரின் இல்லாத பயிற்சி நுரை என்று தனியாகவே விற்கிறது. வெறும் தண்ணீரில் பழகினாலும் ஹோஸைப் பிடிக்கிற பழக்கம் வந்துவிடும்.

எங்கள் மண்ணை யோசியுங்கள். நகரத்துக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறது, சரி. ஆனால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் எத்தனை வளவில் கிணறு? மணல் தரை, கொஞ்சம் தோண்டினாலே ஊற்று. ஊற்றியது அப்படியே கீழே இறங்கும். மற்றப் பக்கம் சீனக்குடா, அதையடுத்துத் தம்பலகாமக் குடா. அங்கே சேற்றில் மட்டி பொறுக்கிச் சீவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

சீனக்குடா என்றதும் எண்ணெய்க் குதங்கள் நினைவுக்கு வரும். பிரித்தானியர் கட்டியவற்றில் 99 மிஞ்சியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கனமீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானியர் தாக்கியபோது ஒரு குதம் அழிந்த கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி 61 குதங்கள் கூட்டு நிறுவனத்துக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 லங்கா ஐ.ஓ.சி.க்கும். இவற்றைத் திருத்திப் பாவனைக்குக் கொண்டுவரும்போது தீயணைப்பு ஏற்பாடும் புதிதாக வரும். புளோரின் இல்லாத நுரை என்று ஒப்பந்தத்திலேயே எழுத இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. பொருத்திய பிறகு மாற்றுவது இரட்டைச் செலவு. கசிவைப் பிடிக்கக் குதத்தைச் சுற்றிக் கட்டும் அணையின் தரமும் அப்படித்தான். 2005 டிசம்பரில் இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் களஞ்சியம் எரிந்தபோது, குதங்களைச் சுற்றியிருந்த அணைகள் கசிந்தன. நுரை கலந்த தண்ணீர் நிலத்தடிக்கு இறங்கி, அங்கே பி.எஃப்.ஓ.எஸ். கண்டுபிடிக்கப்பட்டது. தீ சில நாளில் அணைந்துவிட்டது, நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் வேலை வருடக்கணக்கில் போனது.

இதற்கிடையில் துறைமுக ஊருக்கென்று இன்னொரு விசயம். கப்பல்களின் தீயணைப்புத் திரவத்தில் பி.எஃப்.ஓ.எஸ். இருப்பதைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2026 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. பழைய கப்பல்களும் அதற்குப் பின் வரும் முதல் ஆய்வுக்குள் அகற்ற வேண்டும், அகற்றியதைக் கரையில் உரிய ஏற்பு வசதியில் ஒப்படைக்க வேண்டும். அப்படி இறங்கும் பரல்கள் ஏதோ ஒரு வழியில் சந்தைக்கு வந்துவிடும் என்பது என் பயம். "கப்பல் சாமான், அரை விலை" என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள். ஓர் ஆண்டு கழித்து அழிக்கும் செலவு உங்கள் தலையில் விழும்.

அழிப்பது எப்படி? வெட்டவெளியில் எரிக்கக் கூடாது. சூடு போதாமல் வேறு புளோரின் நஞ்சுகளும் ஐதரோபுளோரிக் அமிலப் புகையும் வரும். மரத்தூளில் ஊறவிட்டுக் குப்பை மேட்டில் போட்டால் முதல் மாரியோடு கரைந்து வரும். 1,100 பாகை செல்சியசுக்கு மேல், போதிய நேரம் வெந்தால்தான் அது உடையும். சீமெந்துச் சூளையில் அந்தச் சூடு உண்டு, அபாயகரக் கழிவுகள் பற்றிய சர்வதேசப் பாசல் சமவாயத்தின் வழிகாட்டிகளும் அதை ஒரு வழியாக ஏற்கின்றன. புத்தளத்துச் சீமெந்துச் சூளையில் அபாயகரக் கழிவை ஏற்று எரிக்கும் சேவை நெடுங்காலமாக இயங்குகிறது. முதலில் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். பொருளின் பெயர், ஆண்டு, எத்தனை லீற்றர், பரலின் படம் போதும். அவர்கள் சொல்லும் உரிமம் பெற்ற சேகரிப்பாளர் மாதிரி எடுத்துப் பார்த்து, ஏற்கலாமா, என்ன விலை என்று சொல்வார். மலிவாக இருக்காது. அதனாலேயே தண்ணீர் கலக்கக் கூடாது: 200 லீற்றர் திரவம் 3% கலவையானால் 6,600 லீற்றருக்கு மேல் கழிவாகிவிடும், அத்தனைக்கும் நீங்கள்தான் காசு கட்ட வேண்டும். மேற்பார்வையாளருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள், சூழல் பேச்சைவிடச் சீக்கிரம் விளங்கும்.

புதிதாக வாங்குவது புளோரின் இல்லாததாக இருக்கட்டும். ஆனால் பழைய தாங்கிக்குள் அப்படியே ஊற்றிவிட முடியாது. புதியது நீர்ப்படலம் போடாது, நுரைப் போர்வையால்தான் மூடும். அதனால் கலவைக் கருவி, முனை, அடிக்கும் அளவு எல்லாம் மாறலாம். இரண்டையும் கலக்கவும் கூடாது. தாங்கியையும் குழாயையும் பல தடவை கழுவ வேண்டும், கழுவிய தண்ணீரும் அதே கழிவுதான், பிடித்து வையுங்கள். மாற்றி முடியும்வரை உண்மையிலேயே தீப் பிடித்தால் கையில் இருப்பதை அடியுங்கள், உயிர் முதல். ஆனால் கான் வாயை மணல் மூட்டையால் அடைத்துவிட்டு அடியுங்கள்.

அப்புறம், வெறும் பரல்கள். நல்ல மூடியோடு வரும் நீலப் பரலுக்கு ஊரில் ஆள் அலைவார்கள், கோடையில் தண்ணீர் பிடித்து வைக்க அதைவிட வசதி இல்லை. எத்தனை தடவை கழுவினாலும் உட்சுவரில் ஒட்டியது முழுதாகப் போகாது. யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கடைசிச் சொட்டுவரை வடித்துவிட்டு, அடியில் இரண்டு ஓட்டை போட்டு, கழிவோடேயே ஏற்றி அனுப்புங்கள்.