என் கணவர் குடும்பத்தின் இங்கிலாந்துப் பூர்வீகம் உண்மைதானா என்று எப்படிச் சரிபார்ப்பது?

கணவர் வீட்டார் 1630களில் இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸுக்கு வந்தவர்கள் என்றும், அவர்களிடம் ஒரு வம்சாவளிப் படம் இருக்கிறது என்றும், அதை நம்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள், சகோதரி. மாமியாரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆனாலும் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியவர் அவர்தான், நீங்கள் அவருக்குத் தெரியாமல்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். சரிபார்க்க முடியும். சரிபார்த்த பிறகு நவம்பர் மாத விருந்தில் உங்களுக்கு எந்த நாற்காலி கிடைக்கும் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

நான் தொழில்முறை ஆய்வாளர் அல்ல. ‘வெள்ளைக்காரர்களின் பாட்டன் பூட்டனைத் தேடும் நேரத்தில் நம் ஊர் வரலாற்றைத் தேடலாமே’ என்று எழுதக் கை துறுதுறுப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். என் பிள்ளைகளுக்கு அவர்களும் முன்னோர்கள்தான்.

எங்கள் வீட்டுப் படம் என் மாமியாரின் தாத்தா காசு கொடுத்து வரையச் சொன்னது. மேலே சிங்கம் போட்ட குலச்சின்னம். அதன் கீழே, இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்து நைட் (அரசரிடம் ‘சர்’ பட்டம் பெற்றவர்) ஒருவரின் இரண்டாவது மகன் 1635இல் கப்பலேறி வந்தார் என்று அழகான எழுத்தில் ஒரு வரி. அந்தக் காலத்தில் இது ஒரு நல்ல வியாபாரம். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்துகொண்டு பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்குப் போலி வம்சாவளிகளைத் தயாரித்து விற்ற குஸ்தாவ் அஞ்சூ என்பவரின் கதையைத் தேடிப் படியுங்கள். எங்கள் படத்தை வரைந்தவர் அவரல்ல, ஆனால் அதே பள்ளியில் படித்தவர் போலத்தான் தெரிகிறது.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியவர். நிலம் வாங்க வருகிறவர்கள் ஜமீன் காலத்துக் கதையைத் தொடங்கினால், கையில் இருக்கும் பத்திரத்தைக் கொடு, அதிலிருந்து தாய்ப் பத்திரத்துக்குப் போவோம் என்பார். இங்கேயும் அதுதான் வழி. நைட்டிலிருந்து கீழே இறங்கி வரக் கூடாது. உங்கள் கணவரிடமிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏற வேண்டும். மாசசூசெட்ஸில் அது அவ்வளவு கடினமில்லை. பல ஊர்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் 1850 வரை அச்சாகியிருக்கின்றன.

அப்படி ஏறி, கப்பலில் வந்த மனிதரின் உயிலை எடுத்தேன். சொத்துப் பட்டியலில் ஒரு தறி, இரண்டு பசு, சில இரும்புப் பானைகள். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கீறல். சாகக் கிடப்பவருக்குக் கை நடுங்காதா என்பீர்கள். நடுங்கும். ஆனால் அவர் திடமாக இருந்த காலத்தில் நிலம் விற்ற பத்திரத்திலும் அதே கீறல்தான். படித்து வளர்ந்த நைட்டின் மகன் பெயர் எழுதத் தெரியாமல் தறியில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், அங்கேயே நிமிர்ந்து உட்கார வேண்டும்.

இந்தத் துறையில் முக்கால்வாசிப் பிழை ஒரே பெயரால் வருகிறது. மாசசூசெட்ஸின் ஹிங்கமில் ஒரே காலத்தில் நான்கு தாமஸ் லிங்கன்கள் இருந்தார்கள். ஆவணங்களிலேயே மாவு மில்காரர், நெசவாளர், பீப்பாய் செய்பவர், விவசாயி என்று தொழிலைச் சேர்த்துத்தான் பிரித்தார்கள். அவர்களில் நெசவாளரின் தம்பி சாமுவேல் லிங்கன்தான் ஆபிரகாம் லிங்கனின் மூதாதை. 1637இல் கிரேட் யார்மத் துறைமுகத்தில் எடுத்த பயணிகள் பட்டியலில் நார்விச் நெசவாளர் ஒருவரின் பணியாளாக, வயது 18 என்று அவர் இருக்கிறார். இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் இருக்கும் இன்னொரு ஹிங்கமின் தேவாலயப் பதிவேடோ அவருக்கு ஞானஸ்நானம் 1622இல் என்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், பதினான்கு முடிந்த பையன். பட்டியலில் இருக்கும் வயதைப் பார்த்துவிட்டு ‘இவர் வேறு ஆள்’ என்று தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நைட் ஆசை ஜார்ஜ் வாஷிங்டனையே சுற்றிய கதை இன்னும் சுவையானது. இங்கிலாந்தின் குலச்சின்ன அலுவலகத் தலைவர் ஐசக் ஹெர்ட் 1791இல் ஜனாதிபதிக்கே எழுதி விவரம் கேட்டார். இதில் தான் அதிகம் கவனம் செலுத்தியதில்லை என்று 1792இல் வாஷிங்டன் பதில் போட்டார். (எவ்வளவு நிம்மதியான மனிதர்!) பெயர் ஒத்துப்போனதால், நார்த்தாம்ப்டன்ஷயரின் சல்கிரேவ் குடும்பத்து ஜான், லாரன்ஸ் என்ற சகோதரர்கள்தான் வர்ஜீனியா போனவர்கள் என்று ஹெர்ட் முடிவு கட்டினார். எல்லோரும் அதையே எழுதினார்கள். 1866இல் ஜோசப் செஸ்டர் என்ற அமெரிக்கர் அதை உடைத்தார். அந்த ஜான் நைட் பட்டம் பெற்றவர், அந்த லாரன்ஸ் எசெக்ஸில் ஒரு ஊர்ப் பாதிரியார், இருவருமே கடல் தாண்டவில்லை. அந்தப் பாதிரியாரின் பிள்ளைகள்தான் போனவர்கள் என்று 1889இல் ஹென்றி வாட்டர்ஸ் நிறுவினார். அவருக்குத் துணை வந்தது வாஷிங்டன் என்ற பெயரே இல்லாத ஒருவரின் உயில். டிரிங் ஊரைச் சேர்ந்த ஆண்ட்ரூ நோலிங், பாதிரியாரின் மனைவிக்கு மாற்றாந்தகப்பன், அந்தக் குழந்தைகளுக்குச் சொத்து எழுதி வைத்திருந்தார். உயிலில் 1649 ஜனவரி என்று இருக்கும், நம் கணக்கில் அது 1650. 1752 வரை இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஜனவரி, பிப்ரவரி தேதிகளைப் பார்த்தால் உஷாராக இருங்கள்.

ஆகவே நானும் கப்பல் பட்டியல்களை மூடி வைத்துவிட்டு, இங்கிலாந்திலேயே தங்கிவிட்டவர்களின் உயில்களைத் தேடினேன். 1653 முதல் 1660 வரை நாடு முழுவதற்கும் உயில்கள் லண்டனில் ஒரே நீதிமன்றத்தில் உறுதி செய்யப்பட்டன. பிரதிகள் லண்டனின் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கின்றன. நைட்டின் மகள் ஒருவரின் உயில் அங்கே அகப்பட்டது. எங்கள் படத்தின்படி இருபது ஆண்டுகளுக்கு முன்பே கப்பலேறிய ‘அண்ணன்’, அதில் சஃபோக்கில் குத்தகை வாங்கிக்கொண்டு சுகமாக இருக்கிறார்! படத்தின் மேல்பாதி அங்கேயே கழன்று விழுந்தது.

உண்மையானவர் கிடைக்க இன்னும் வெகுநாள் ஆனது. நார்ஃபோக் கிராமத்து விதவை ஒருவர், ‘நியூ இங்கிலாந்தில் இருக்கும் என் மகன்’ வந்து கேட்டால் 40 ஷில்லிங் கொடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். அதே உயிலில் மருமகனின் பெயரும் சாட்சியின் பெயரும், எங்கள் மாசசூசெட்ஸ் ஊரில் அடுத்தடுத்த நிலங்களுக்குச் சொந்தக்காரர்கள். அந்த மக்கள் தனியாக வரவில்லை, தெருவோடு கிளம்பி வந்தார்கள். நார்விச் பிஷப் மாத்யூ ரென், பியூரிட்டன் என்ற சீர்திருத்தக் கிறிஸ்தவப் பிரிவின் பாதிரியார்களை நெருக்கியது ஒரு காரணம், நெசவுத் தொழில் நொடித்தது இன்னொன்று.

மாமியார் முழுவதையும் கேட்டார். படத்தைக் கழற்றவில்லை. ‘நெசவாளரும் நல்ல மனிதராகத்தானே இருந்திருப்பார்’ என்று நான் சொன்னதற்கு, தோட்டத்துக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று எழுந்து போனார். என் கணவரின் அத்தை மகன் மட்டும், இந்தியாவிலிருந்து வந்த மருமகள் எங்கள் நைட்டைப் பறித்துக்கொண்டாள் என்று இன்றுவரை சொல்கிறார்.

இதைவிட வருத்தம் நம்மவர்களால். இதைப் பற்றிப் பேசச் சொல்லி இங்குள்ள தமிழ்ச் சங்கம் ஒன்று அழைத்தது. அரை மணி நேரம் என்றார்கள். படங்களெல்லாம் தயார் செய்துகொண்டு போனால், நன்கொடையாளர்கள் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொரு பொன்னாடைக்கும் ஒரு உரை. கடைசியில் ‘அக்கா, சாப்பாடு ஆறுகிறது, ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள்’ என்றார் செயலாளர். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தெரியும். ஆனால் எங்கேயாவது சொல்ல வேண்டுமே.

மரபணு சோதனை செய்தால் போதாதா என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். பன்னிரண்டு தலைமுறை மேலே போனால் ஒருவருக்கு 4,096 மூதாதையர்; அவர்களில் பெரும்பாலோரின் மரபணுவில் ஒரு துண்டுகூட நம்மிடம் வந்திருக்காது. நேர் ஆண்வழிக்கு மட்டும் ஒய் குரோமோசோம் சோதனை உதவும். அதற்கு இங்கிலாந்தில் அதே வழியில் வந்த ஆண் ஒருவர் சம்மதிக்க வேண்டும். நாங்களும் ஒருவரைக் கண்டுபிடித்து எழுதினோம். சொத்தில் பங்கு ஏதும் கேட்க மாட்டீர்களே என்று பதில் வந்தது. இல்லை என்று எழுதினோம். அதன் பிறகு அவரிடமிருந்து ஒரு வரியும் இல்லை.