முதலில் நெக்கைப் பாருங்கள்

வணக்கம். 80களில் ஜப்பானில் செய்த ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ் கிட்டார் ஒன்று செகண்ட் ஹேண்டில் விலைக்கு வருகிறது. பெயின்ட் அங்கங்கே உதிர்ந்திருக்கிறது. ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) போட்டால் உர்ரென்று இரைச்சல். கம்பிகள் வேறு ரொம்ப உயரத்தில் நிற்கின்றன. விற்பவரோ, “பழைய மரம் சார், இந்த சத்தம் புதுசில் வராது” என்கிறார். வாங்கலாமா?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர் மரத்தைப் பற்றிப் பேசட்டும், நீங்கள் நெக்கை, அதாவது விரல் வைத்து வாசிக்கும் அந்த நீண்ட கழுத்தைப் பாருங்கள். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), பிரிட்ஜ் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பாகம்), நாப் எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். நெக் போனால் பாதி கிட்டாரே போன மாதிரி.

34 அங்குல ஸ்கேலில் (கம்பி அதிரும் நீளம்) நான்கு தடித்த கம்பிகள் நெக்கை எந்நேரமும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த இழுப்பைச் சமாளிக்கத்தான் உள்ளே ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டு. தடிமனான ஈ (E) கம்பியை, நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளான ஃப்ரெட்களில் முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடியுங்கள். ஏழெட்டாவது ஃப்ரெட் பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தால் நல்லது. அதைவிடப் பெரிய பள்ளம் என்றால் ட்ரஸ் ராடை முறுக்கிச் சரிசெய்யலாம், அதில் இன்னும் முறுக்க இடமிருந்தால். சில மாடல்களில் அதன் திருகு நெக்கின் அடிப்பக்கம் ஒளிந்திருக்கும், நெக்கைக் கழற்றினால்தான் எட்டும். விற்பவர் முகம் சுளித்தாலும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிரிட்ஜில் கம்பி உட்காரும் சாடில்களை அடிவரை இறக்கிய பிறகும் கம்பி உயரமாகவே நின்றால் உஷார். நெக் ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

இரைச்சலுக்குப் பயப்பட வேண்டாம். ஜாஸ் பேஸில் இருப்பவை இரண்டு சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்கள், ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டவை. இரண்டு வால்யூமையும் முழுசாகத் திறந்தால் இரைச்சல் அடங்கும், ஒன்றைக் குறைத்தால் திரும்ப வரும். அது அந்த கிட்டாரின் சுபாவம். இரண்டும் திறந்திருந்தும் போகவில்லையா? பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கலாம், சின்ன சாலிடர் வேலைதான்.

அப்புறம் அந்தப் பழைய மரம். அமெரிக்காவின் மோடவுன் இசைக் கம்பெனிப் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனிடம் இருந்தது ஃபெண்டரின் இன்னொரு மாடல், 1962 ப்ரிசிஷன் பேஸ். லேசில் மாற்றாத பழைய ஃபிளாட்வவுண்ட் (மேல்சுற்று தட்டையாக வழுவழுப்பான) கம்பி, பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஸ்பாஞ்ச், மீட்டுவதற்கு ஒற்றை ஆள்காட்டி விரல். அந்தச் சத்தத்துக்கு மரத்தைவிட இவைதான் காரணம் என்பது என் கட்சி. ஃபெண்டர் ஜப்பான் 1982இல் தொடங்கியபோது அங்கே செய்த கிட்டார்களுக்குப் பெயர் கிடைத்ததும் வேலைச் சுத்தத்தால்தான். நெக் உடலில் இடுக்கில்லாமல் உட்காரும், ஃப்ரெட் ஓரங்கள் கையைக் கீறாது. அதற்குக் காசு கொடுக்கலாம், மரத்தின் வயதுக்குக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

பெயின்ட் உதிர்ந்தது ஒரு குறையே இல்லை, ஆனால் பேரம் பேசும்போது அது குறையில்லை என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. செட்டப் (நெக், கம்பி உயரம் சரிசெய்யும் வேலை) கூலியையும் புதுக் கம்பி விலையையும் கழித்துக் கேளுங்கள். பேஸ் கம்பி மலிவில்லை.