பெட்டியில் போட்டிருக்கும் வயது எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு ஒரு வயது எட்டு மாதம். வயதுக்கு மீறிய சூட்டிகை. கடையில் பிடித்துப்போன பிளாக்ஸ் செட்டில் ‘3+’ என்று இருந்தது. “அது சும்மா போட்டிருப்பாங்க, தம்பி நல்லாவே விளையாடுவான்” என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகி, கரூர்

பதில்: வேண்டாம். தம்பி நன்றாக விளையாடுவான் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. விளையாடிய கட்டையை அடுத்து எங்கே வைப்பான் என்பதில்தான் கவலை. அந்த 3 குழந்தையின் புத்திசாலித்தனத்தை அளந்து போட்டதல்ல, தொண்டையை நினைத்துப் போட்டது. மூன்று வயது வரை எல்லாமே வாய்க்குப் போகும். மூச்சுக்குழல் குறுகல், சிக்கியதை இருமித் தள்ளும் பலமும் குறைவு.

அதனால் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மை என்றால், சோதனைக்கூடத்தில் அதன் பாகங்களை 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளைக்குள் போட்டுப் பார்ப்பார்கள். எப்படித் திருப்பினாலும் அமுக்காமல் முழுதாக உள்ளே அடங்கிவிட்டால் பொம்மை தேறாது. பந்துக்கு இன்னும் கடுமை: 44.5 மி.மீ. துளை வழியே போகக் கூடாது. கீழே போட்டு, இழுத்து, முறுக்கி, அதில் உடைந்து வரும் துண்டுக்கும் இதே சோதனை உண்டு. ‘3+’ என்று போட்டுவிட்டால் சிறு பாகங்களுக்கான இந்தச் சோதனை அந்தப் பொம்மைக்குப் பெரும்பாலும் பொருந்தாது. கடைக்காரர் ‘சும்மா’ என்று சொன்னது இதைத்தான்.

வீட்டில் ஓர் அளவுகோல் போதும். நாலரை செ.மீ.க்குக் குறைந்த உருண்டை எதுவும் அவன் கைக்கு எட்ட வேண்டாம். புதுப் பொம்மையின் கண், மூக்கு, சக்கரத்தை நீங்களே பலமாக இழுத்துப் பாருங்கள். வந்தால் கடையிலேயே விட்டுவிடுங்கள். அக்காவின் பாசிமணியும் அண்ணனின் கோலிக்குண்டும் கடையில் வாங்கும் எதையும்விட ஆபத்தானவை. அவற்றுக்கு எந்தப் பெட்டியும் எச்சரிக்கை சொல்வதில்லை. பிறந்தநாள் பலூனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெடித்த ரப்பர்த் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது கடினம். எட்டு வயது வரை பிள்ளைகளைப் பலூன் ஊத விடாதீர்கள்.

இந்த வயதுக்கு என்ன வாங்கலாம்? கை நிறையப் பிடிக்கும் அளவிலான மரக்கட்டைகள், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள், பெரிய பந்து, சின்ன உதிரி இல்லாத சொப்புச் சாமான். இழுத்து ஓடும் வண்டி என்றால் கயிறு ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். கரடிக்குச் சோறூட்டி, தூங்கவும் வைக்கும் பருவம் இது. ஒரு துணிப் பொம்மை போதும். நிறைய வாங்கிக் குவிக்காதீர்கள். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 16 பொம்மைகள் இருந்தபோதைவிட நான்கே இருந்தபோது இந்த வயதுக் குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், பலவிதமாக விளையாடினார்கள். மற்றவற்றைப் பரணில் போட்டு மாற்றி மாற்றி எடுங்கள்.

கேள்வி: ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் நம்பி வாங்கலாமா? திருவிழாக் கடை மரப் பொம்மையில் முத்திரையே இல்லையே?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. கட்டாயம். முத்திரை அச்சடிப்பது எளிது, அதனால் அதைச் சுற்றியுள்ள எண்களைப் பாருங்கள். மேலே ஐ.எஸ். 9873 (மின்சாரத்திலோ பேட்டரியிலோ ஓடுவதற்கு 15644), கீழே ‘சி.எம்./எல்’ என்று தொடங்கும் உரிம எண். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் உரிமம் யாருடையது, இன்னும் செல்லுபடியாகிறதா என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே பார்க்கலாம்.

பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. எனவே முத்திரை இல்லாத மரப் பொம்மையெல்லாம் சட்டவிரோதம் இல்லை. ஆனால் விலக்கு பெற்ற பொம்மையின் சாயத்தை யாரோ சோதித்திருக்கிறார்கள் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. பூச்சிலிருந்து கரைந்து வரும் ஈயம் கிலோவுக்கு 90 மி.கிராமைத் தாண்டக்கூடாது என்பது தரம். அதைக் கண்ணால் கண்டுபிடிக்க வழியே இல்லை. கடித்துப் பார்க்கும் வயதுக்கு, பெயர் தெரியாத பளபள பெயிண்ட் அடித்ததை விட்டுவிட்டு, சாயமே பூசாமல் வழவழவென்று இழைத்த மரத்தைத் தேர்ந்தெடுப்பேன். விலையும் குறைவு.

கேள்வி: எட்டு மாதப் பேத்திக்கு வாக்கர் வாங்கலாம் என்றால் மருமகள் ‘வேண்டாம் அத்தை’ என்கிறாள். நாங்கள் வளர்க்காத பிள்ளைகளா?
– வாசகி, மதுரை

பதில்: மருமகள் பக்கம்தான் நான். உட்கார்ந்து உந்தும் வட்ட வாக்கரை விற்பதையே கனடா 2004-இல் தடை செய்துவிட்டது. படியில் உருளும், அடுப்படிச் சூட்டுப் பாத்திரம் வரை கையை எட்டவைக்கும். நடையும் சீக்கிரம் வராது, நுனிக்காலில் உந்தித்தானே பழகுகிறாள்! நீங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தது மூன்று சக்கர நடைவண்டியாக இருந்தால் அது வேறு. அதில் குழந்தை தன் காலில் நின்று தள்ளுகிறது. பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கியதும் வாங்கிக் கொடுங்கள், வழுக்கும் டைல்ஸ் தரையில் மட்டும் விடாதீர்கள். அதுவரை பாயும் கிலுகிலுப்பையும் போதும்.

கேள்வி: மொபைலில் பாட்டுப் போட்டால் அறிவு வளராதா?
– வாசகர், ஓசூர்

பதில்: இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்பது இந்திய குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. பாட்டை நீங்களே பாடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய பாட்டுப் பொம்மையின் பேட்டரி மூடி கையாலேயே கழன்றுவிடுகிறது. உள்ளே வட்டப் பேட்டரி. செல்லோடேப் ஒட்டினால் போதுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: போதாது, இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். அந்த மூடி திருப்புளி போன்ற கருவி இல்லாமல் கையால் எளிதில் திறக்கக் கூடாது என்பது தரவிதி. வட்டப் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் எச்சிலோடு சேர்ந்து மின்சாரம் பாயும், அங்கே காரம் (ஆல்கலி) உண்டாகி இரண்டு மணி நேரத்திலேயே சதையைப் புண்ணாக்கும். தீர்ந்துபோன பேட்டரியும் இதைச் செய்யும். குழந்தை விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே 108-ஐ அழையுங்கள், அல்லது எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

பணத்துக்கு: பொம்மை, கழன்ற மூடி, பெட்டியில் உள்ள எண்கள், பில் எல்லாவற்றையும் படமெடுத்து விற்றவருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போலி முத்திரை என்று தெரிந்தால் பி.ஐ.எஸ். கேரிலும் புகார் செய்யலாம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே கிடையாது. ‘ரிட்டர்ன்’ பொத்தானை அழுத்திப் பொம்மையை அனுப்பிவிடுவதற்கு முன் படங்களை எடுத்துவிடுங்கள், அப்புறம் சாட்சி உங்கள் கையில் இருக்காது.