பேடில் வைத்த உறுமி அழிந்துபோகுமா?

கேள்வி: அண்ணே, எங்கள் மெல்லிசைக் குழுவில் மிடி கன்ட்ரோலர் (பேடைத் தட்டினால் லேப்டாப்புக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வைத்து வாசிக்கிறேன். ஒலியெல்லாம் லேப்டாப்பில் இருந்து வருகிறது. உறுமி, பம்பை, தவில் என்று பாட்டுக்குத் தகுந்த மாதிரி பேடுகளை மாற்றி வைத்திருக்கிறேன். இப்போது ஃபார்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள், அப்டேட் போடச் சொல்லி வருகிறது. போட்டால் செட்டிங் போய்விடுமா? பாட்டு ஃபைல்களைப் பென்டிரைவில் எடுத்து வைத்திருக்கிறேன். அது போதாதா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: போதாது தம்பி. பென்டிரைவில் இருப்பது லேப்டாப்பின் சரக்கு. எந்தப் பேடைத் தட்டினால் எந்த எண் போக வேண்டும் என்பது கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கிறது. அது உறுமி என்றெல்லாம் சொல்லி அனுப்பாது, வெறும் நோட் எண்ணைத்தான் அனுப்பும். உதாரணத்துக்கு, நீங்கள் 52-ல் உறுமியை வைத்திருக்க, பேட் கம்பெனி செட்டிங்குக்குத் திரும்பி 36-ஐ அனுப்பினால் உறுமி எப்படி வரும்? பொதுவான டிரம் வரிசையில் 36 என்பது கிக், அதாவது டிரம் செட்டில் காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்.

மேலூர்ப் பக்கம் ஒரு பங்குனிப் பொங்கல் கச்சேரியில் இதைக் கண்ணால் பார்த்தேன். லேப்டாப் சரியாக இருந்தது, பாட்டும் ஓடியது. உறுமி விழ வேண்டிய இடத்தில் டம் டம் என்று கிக். அருள் வந்து ஆடத் தொடங்கிய அம்மா அப்படியே நின்று மேடையைப் பார்த்தார். வாசித்த பையன் நல்ல கைக்காரன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்டேட்டில் சில கருவிகள் செட்டிங்கை அப்படியே வைத்திருக்கும், சில அழித்துவிடும். எதையும் நம்பாமல் முதலில் காப்பி எடுங்கள். உங்கள் கருவிக்குக் கம்பெனியின் எடிட்டர் மென்பொருள் இருந்தால் வேலை சுலபம். ஆனால் ஒரு இடத்தில் நிதானம் வேண்டும். எடிட்டரைத் திறந்ததும் திரையில் தெரிவது பெரும்பாலும் உங்கள் செட்டிங் அல்ல. அந்த நேரத்தில் 'சென்ட்' அழுத்தினால் அது போய் உங்கள் உறுமி மேலேயே உட்கார்ந்துவிடும். 'ரிசீவ்' அல்லது 'கெட்' என்று இருப்பதை அழுத்துங்கள். 52 உங்கள் கண்ணுக்குத் தெரிந்த பிறகே சேவ் செய்யுங்கள். எத்தனை பேங்க் (பேட் செட்டிங் தொகுப்பு) வைத்திருக்கிறீர்களோ, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்துவிடுங்கள்.

எடிட்டர் இல்லாத பழைய கருவி என்றால் மெனுவில் 'பல்க் டம்ப்' (செட்டிங் முழுவதையும் மொத்தமாக வெளியே அனுப்பும் வசதி) இருக்கிறதா என்று தேடுங்கள். அதை லேப்டாப்பில் பிடித்துச் சேமிக்க விண்டோஸில் மிடி-ஆக்ஸ், மேக்கில் சிஸ்எக்ஸ் லைப்ரரியன் என்ற மென்பொருள் இருக்கிறது. முதலில் மென்பொருளைப் பெறும் நிலையில் வைத்துவிட்டு, அப்புறம் கருவியில் இருந்து அனுப்புங்கள். ஐந்து பின் மிடி வயரில் நொடிக்கு 3,125 பைட்தான் போகும், 1983-ல் வகுத்த வேகம். அதனால் பொறுமையாக இருங்கள், பாதியில் வயரைப் பிடுங்க வேண்டாம். வந்த தகவல் எஃப்0 (F0) என்ற தொடக்கக் குறியோடு ஆரம்பித்து எஃப்7 (F7) என்ற முடிவுக் குறியோடு முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காப்பி எடுத்ததும் ஒரே ஒரு பேடின் எண்ணை வேண்டுமென்றே மாற்றிவிட்டு, சேமித்த ஃபைலைத் திருப்பி ஏற்றுங்கள். பழைய எண் திரும்ப வந்தால்தான் காப்பி கைக்கு உதவும். இதைச் செய்யாமல் அப்டேட் பக்கம் போகவே போகாதீர்கள்.

புது ஃபார்ம்வேர் சில சமயம் பழைய ஃபைலை ஏற்காது. அதனால் பேட் எண்களை ஒரு தாளில் எழுதி, கருவிப் பைக்குள் போட்டு வையுங்கள். கச்சேரி இல்லாத வாரமாகப் பார்த்து, லேப்டாப்பில் முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு அப்டேட் போடுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் லேப்டாப் நிற்காது.