சின்ன நாயை வாக்கிங் கூட்டிப் போனால் செயினை இழுத்துக்கொண்டே ஓடுகிறது. ஒழுங்காக நடக்க எப்படிப் பழக்குவது?

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். சீனி என்று ஒரு வெள்ளைக் குட்டச்சி, ஆறு கிலோ. பொமரேனியன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நம்மூரில் அந்தப் பேரில் கிடைப்பதில் பல இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வேறு வகைதான், அதை விடுங்கள். மதுரையில் காமராஜர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வீடு. காலையில் கதவைத் திறந்தால் தெப்பக்குளம் வரை ஒரே இழுவை. ஆறு கிலோதானே என்று நானும் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் டீக்கடை அண்ணன் கேட்டார்: "ஏன் தம்பி, நாய்க்கு இளைப்பு கிளைப்பு இருக்கா? வாத்து கத்துற மாதிரி இருமுதே."

அப்புறம்தான் கவனித்தேன். கழுத்துப் பெல்ட் இறுகும்போதெல்லாம் அந்த இருமல். சின்ன வகை நாய்களுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து தட்டையாகிவிடும் கோளாறு வரக்கூடும், கழுத்தை இழுக்க இழுக்க அது மோசமாகும் என்றார் கால்நடை மருத்துவர். உங்கள் நாயும் அப்படி இருமினால் பழக்குவதெல்லாம் அப்புறம், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். கடையில் பாடி பெல்ட் என்று கேட்டால் ஹார்னஸ் எடுத்துக் கொடுப்பார்கள். அதை வாங்குங்கள். உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் இடம் இருக்கக் கூடாது. புசுபுசுவென்று முடி இருக்கிற நாய்க்கு மேலே பார்த்தால் சரியாக இருக்கிற மாதிரிதான் தெரியும். தளர்வாக இருந்தால் பின்பக்கமாக நகர்ந்து உருவிக்கொண்டு ஓடிவிடும். சீனி ஒரு தடவை ஓடியிருக்கிறாள், ஷேர் ஆட்டோக்கள் வரும் நேரத்தில். இழுக்க இழுக்க நீளுகிற சுருள் செயின் வேண்டவே வேண்டாம். இழுத்தால் தூரம் கிடைக்கும் என்று அதுவே சொல்லிக்கொடுத்துவிடும். ஐந்தடிக் கயிறு போதும்.

நாய் திமிரில் இழுப்பதாக நினைத்துத்தான் நான் முதலில் அதட்டிக்கொண்டிருந்தேன். இழுத்தால் போக முடிகிறது, அதனால் இழுக்கிறது, அவ்வளவுதான். பின்னாலேயே ஓடி ஓடி அதைப் பழக்கியது நான். ஆகவே கணக்கை மாற்ற வேண்டும்: கயிறு இறுகினால் நடை நிற்கும், தொய்ந்தால் நடை தொடரும்.

முதல் ஒரு வாரம் தெருவுக்கே போகவில்லை. மொட்டை மாடியில் ஐந்து ஐந்து நிமிஷம், காலையும் மாலையும். கோழி ஈரலை உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் போடாமல் வேகவைத்து, பொட்டுக்கடலை அளவுக்கு நறுக்கி வைத்துக்கொண்டேன். என் இடது காலுக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் ஒரு துண்டு. முன்னால் நீட்டிக் கொடுக்காதீர்கள், குறுக்கே வந்து காலைத் தடுக்கும். ஆனால் இவ்வளவு குட்டை நாய்க்குக் குனிந்து குனிந்து கொடுத்ததில் மூன்றாம் நாள் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பிறகு நீளமான மரக்கரண்டியின் நுனியில் மசித்த ஈரலைத் தடவி, முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டே நடந்தேன். நன்றாக வேலை செய்தது. அது பாயசக் கரண்டி என்று அம்மாவுக்குத் தெரிந்த அன்று வீட்டில் நடந்ததை இங்கே எழுத முடியாது.

அடுத்து தெரு. இறுகியதும் நின்றுவிட வேண்டும். திட்டக் கூடாது, வெடுக்கென்று சுண்டவும் கூடாது. சும்மா நில்லுங்கள். அங்கிட்டு இழுக்கும், இங்கிட்டு இழுக்கும், கடைசியில் 'என்னடா ஆச்சு' என்று திரும்பிப் பார்க்கும். அந்தத் திரும்பலில் கயிறு தொய்யும். உடனே "கூட வா" என்று நடங்கள், பக்கத்தில் வந்ததும் ஈரல். (தமிழ் பேசுகிற வீட்டில் நாயிடம் மட்டும் ஏன் இங்கிலீஷ் பேசுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.) முதல் நாள் நாலு வீடு தள்ளி இருக்கும் டிரான்ஸ்பார்மருக்குப் போக இருபது நிமிஷம் ஆனது. பால் வாங்கப் போன எதிர்வீட்டு அக்கா திரும்பி வந்தும் நான் அதே இடத்தில் நின்றேன். "என்ன தம்பி, வேண்டுதலா?" என்றார்.

சமர்த்தாக நடந்தால் கூலியும் உண்டு. ஒழுங்காகப் பத்திருபது அடி வந்ததும் "போ" என்று கயிற்றைத் தளர்த்தி, கம்பத்தையும் சுவரையும் ஆசைதீர மோப்பம் பிடிக்க விடுவேன். ஈரலைவிட இதற்குத்தான் மவுசு.

தெருநாய்கள் பெரிய தலைவலி. ஒவ்வொரு சந்துக்கும் ஒரு ஜமா இருக்கும். தூரத்தில் பார்த்ததும் வளைவாகத் திரும்பி வேறு வழியில் போய்விடுங்கள், ஓட வேண்டாம். கயிற்றைச் சுருட்டி இறுக்கினால் உங்கள் பதற்றம் நாய்க்கும் தொற்றி அதுதான் முதலில் குரைக்கும். தடுப்பூசி முடியாத குட்டியைத் தரையில் விடவே வேண்டாம். பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்தால் பிழைப்பது கஷ்டம். வெறிநாய்க்கடி ஊசி கட்டாயம்.

நேரமும் முக்கியம். மதுரை வெயிலில் காலை ஏழுக்குள் திரும்பிவிடுங்கள். சாயங்காலம் என்றால் புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். சுட்டால் நாயின் பாதமும் வெந்துபோகும். சித்திரைத் திருவிழா நாட்களில் வேட்டுச் சத்தத்துக்கு மிரண்டு அறுத்துக்கொண்டு ஓடும், மாடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்களுக்குச் சரியாக ரெண்டு மாசம் ஆனது. ஒரு மாசத்தில் முடிந்திருக்கும். நான் பத்து தடவை நின்று பழக்கினால், சாயங்காலம் அப்பா, "வாயில்லா ஜீவன்டா, போகட்டும்" என்று பின்னாலேயே போய்விடுவார். எப்போதாவது பலிக்கிற இழுவையை நாய் லேசில் விடாது. யார் செயினைப் பிடித்தாலும் ஒரே மாதிரி நிற்க வேண்டும் என்று வீட்டில் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

இப்போது தெப்பக்குளத்தை ஒரு சுற்று, ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும், கயிறு தொங்கத் தொங்க என்னோடு நடக்கிறாள். அப்பா கூட்டிப் போனால் டிரான்ஸ்பார்மர் வரை இன்னும் இழுவைதான்.